காளை கலங்கலாக விழுகிறதா? கேமரா கேள்வி பதில்

மதுரைப் பக்கத்தில் புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் கேட்டவை இவை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

பாலமேட்டில் வாடிவாசலை விட்டுக் காளை பாயும் படங்கள் எல்லாமே கலங்கி விழுந்தன. லென்ஸ் மட்டமானதா, அண்ணா? (சோழவந்தான்)

லென்ஸைத் திட்டாதீர்கள் தம்பி. ஆட்டோவில் விட்டால் பாயும் காளைக்கும் கட்டிப்போட்ட காளைக்கும் கேமரா ஒரே கணக்குத்தான் போடும். டயலை ஷட்டர் முன்னுரிமைக்குத் திருப்புங்கள்; ஷட்டர் வேகத்தை நீங்கள் வைப்பீர்கள், துவாரத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். நிக்கானில் ‘எஸ்’, கேனனில் ‘டிவி’. 1/1000 நொடி வையுங்கள். ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கேமரா ஒளியை உணரும் அளவை, ஆட்டோவில் விட்டு, உச்ச வரம்பாக 3200 கொடுங்கள்.

அடுத்தது ஃபோகஸ். தொடர்ந்து பின்தொடரும் முறை வேண்டும்: நிக்கான், சோனியில் ‘ஏ.எஃப்.-சி’, கேனனில் ‘சர்வோ’. எல்லாப் புள்ளிகளையும் திறந்துவைத்தால் வண்ண பனியன் போட்ட வீரர்கள் மேல் ஃபோகஸ் தாவிவிடும். நடுப்புள்ளி ஒன்றே போதும். அதை வாசலில் நிறுத்தி, பொத்தானைப் பாதி அழுத்தியபடி காத்திருங்கள். வேகம் சரியாக அமைந்தால் குளம்படியில் தெறிக்கும் தேங்காய் நார்கூட இழை இழையாகத் தெரியும். வரிசையாக எடுக்கும்போது ஜேபெக் போதும். சுருக்காமல் சேமிக்கும் ரா கோப்பு பெரியது. கேமராவின் தற்காலிக நினைவகம் நிரம்பி, திமிலைப் பிடிக்கும் நேரம் பார்த்துத் திணறும்.

திருமலை நாயக்கர் மகாலின் வெள்ளைத் தூண்கள் அழுக்காக விழுகின்றன. (தெற்குவாசல்)
எங்கள் கறுப்புக் காளை சாம்பல் நிறத்தில் வருகிறது. (அலங்காநல்லூர்)

இரண்டுக்கும் நோய் ஒன்றுதான். எதிரில் இருப்பது நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டுதான் கேமராவின் ஒளிமானி கணக்குப் போடுகிறது. சட்டம் நிறைய வெள்ளைத் தூண் நின்றால் வெளிச்சம் அதிகம் என்று குறைத்துவிடும்; கறுப்புக் காளை நின்றால் ஏற்றிவிடும். கூட்டல், கழித்தல் குறி போட்ட பொத்தான் இதற்காகவே இருக்கிறது. தூணுக்கு +0.7 முதல் +1 வரை, காளைக்கு −0.7. திருமலை நாயக்கர் 1636-இல் கட்டிய தூண்களை நம் கேமரா கறுப்பாக்க வேண்டாம். முற்றத்து வெயிலும் தூணடி நிழலும் ஒரே படத்தில் அடங்காது. எது முக்கியமோ அதை அளந்துகொண்டு மற்றதை விட்டுவிடுங்கள்.

அழகர் ஆற்றில் இறங்கும்போது பிளாஷ் போடலாமா? (செல்லூர்)

போட்டால் முன்னால் நிற்பவரின் பின்னந்தலைதான் பளிச்சென்று விழும். கேமராவோடு வரும் பிளாஷ் எட்டும் தூரம் சில மீட்டர்தான். தங்கக் குதிரை வரை போகாது. லென்ஸ் துவாரத்தை முழுதாகத் திறந்து, ஷட்டர் 1/250, ஐ.எஸ்.ஓ. 3200 அல்லது 6400 வையுங்கள். படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும், தெரியட்டும். கலங்கிய படத்தைவிட அது மேல். விளக்கு பட்டுத் தங்கம் வெளுத்துப்போனால் −0.7. துருத்தியால் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் கேமரா என்று பார்க்க மாட்டார்கள். உலர்ந்த பருத்தித் துணியும் பாலித்தீன் பையும் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

பொற்றாமரைக் குளத்துக்கு எந்த மோடு? (விருதுநகர்)

எதுவும் வேண்டாம். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கேமராவுக்கும் கைப்பேசிக்கும் அனுமதி இல்லை. தரிசனம் செய்துவிட்டு வாருங்கள்.

‘எம்’ மோடில் எடுத்தால்தான் புகைப்படக்காரர் என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள், ஐயா. (திருமங்கலம்)

செய்யட்டும். எல்லா அளவையும் நாமே வைக்கும் ‘எம்’, வெளிச்சம் மாறாத இடத்தில் அருமையானது. உச்சிக்கு ஏறிய முழுநிலவை ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/11, 1/100 வைத்து எடுத்துப் பாருங்கள், பள்ளங்கள்கூடத் தெரியும். மாசி வீதியில் அப்படியில்லை. பத்து அடிக்கு ஒரு நிழல், ஒரு வெயில். நீங்கள் டயலைத் திருகுவதற்குள் பூக்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். அங்கே துவார முன்னுரிமையில் எஃப்/5.6 வைத்து நடங்கள்; ஷட்டர் வேகத்தைக் கேமராவே பார்த்துக்கொள்ளும். எஃப் எண் கூடினால் துவாரம் சுருங்கும்: எஃப்/2.8-இலிருந்து எஃப்/4-க்குப் போனால் வெளிச்சம் பாதி. யானைமலை மாதிரி அகன்ற காட்சிக்கு எஃப்/8. எஃப்/22 வரை போனால் கூர்மை மங்கும்.

கல்யாண மண்டபத்துப் படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுகின்றன. (மேலூர்)

எல்.இ.டி. விளக்கின் வேலை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. ஷட்டரை 1/100 அல்லது 1/50-இல் வையுங்கள். ஓசையில்லாமல் எடுக்கும் எலெக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிடுங்கள். மேளச் சத்தத்தில் உங்கள் ‘கிளிக்’ யாருக்கும் கேட்காது.