உங்கள் முகவரியிலிருந்தே உங்களுக்கு மிரட்டல் மெயிலா?

கேள்வி: திருப்பூரில் பனியன் ஜாப் ஒர்க் செய்கிறேன். கடன், லாட்டரி என்று தினமும் ஸ்பேம் மெயில் கொட்டுகிறது. 'அன்சப்ஸ்கிரைப்' அழுத்தியதும் இன்னும் கூடிவிட்டது. போன வாரம் என் முகவரியிலிருந்தே எனக்கு ஒரு மெயில்: 'கேமராவில் உன்னைப் படம் பிடித்துவிட்டேன், பிட்காயின் அனுப்பு.' என் பழைய பாஸ்வேர்டும் அதில் இருக்கிறது. தெரிந்த ஒருவர் 8,000 ரூபாய் கொடுத்தால் ஐபி முகவரியை வைத்து ஆளைப் பிடித்துத் தருகிறேன் என்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த 8,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். ஐபி முகவரி என்பது இணைய இணைப்புக்குத் தரப்படும் எண். அது யார் வீட்டு இணைப்பு என்பது இணையச் சேவை நிறுவனத்துக்குத்தான் தெரியும். அதை போலீஸ் கேட்டால் தருவார்கள், தனியாருக்குத் தரமாட்டார்கள். ஜிமெயிலிலிருந்து வந்த மெயில் என்றால் ஹெட்டரில், அதாவது மெயில் வந்த வழியைச் சொல்லும் பகுதியில், பெரும்பாலும் கூகுள் சர்வர்தான் தெரியும். 'டிரேஸ் பண்ணித் தருகிறேன்' என்பவர் வரைபடத்தில் ஒரு புள்ளியைக் காட்டுவார், அப்புறம் 'இன்னும் ஐயாயிரம் ஆகும்' என்பார். அந்தப் புள்ளி ஏதோ ஒரு சர்வர் இருக்கும் ஊராக இருக்கும். மிரட்டியவனிடம் தப்பித்து இவரிடம் பணம் விட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

படம் எதுவும் அவனிடம் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மெயில் உங்கள் முகவரியிலிருந்தே வந்ததாகத் தெரிவதைப் பார்த்தும் பயப்படாதீர்கள். தபால் உறையில் 'அனுப்புநர்' என்ற இடத்தில் யார் பெயரையும் எழுதலாமே, அதே கதைதான். ஜிமெயிலில் அந்த மெயிலைத் திறந்து, மூன்று புள்ளியில் 'ஷோ ஒரிஜினல்' அழுத்துங்கள். அனுப்புநர் முகவரி நிஜமா என்று சோதிக்கும் எஸ்பிஎஃப், டிமார்க் என்ற வரிகளில் 'ஃபெயில்' என்றிருந்தால் முகவரி போலி. பாஸ்வேர்ட், எப்போதோ ஏதோ ஒரு தளத்திலிருந்து கசிந்த பட்டியலில் கிடைத்தது.

அன்சப்ஸ்கிரைப் விஷயத்துக்கு வருகிறேன். முன்பின் தெரியாதவன் மெயிலில் அதை அழுத்தினால், 'இந்த முகவரியில் ஆள் இருக்கிறார்' என்று நீங்களே சொன்ன மாதிரி. ஆனால் நீங்கள் பொருள் வாங்கிய கடை, உங்கள் வங்கி, நூல் மில் அனுப்பும் விளம்பரம் என்றால் தாராளமாக அழுத்தலாம். அங்கே அழுத்தாமல் 'ஸ்பேம்' என்று குத்தினால், நாளைக்கு அவர்கள் அனுப்பும் பில்லும் ஸ்பேம் பெட்டிக்குள் போய்விடலாம். ஜிஎஸ்டி கணக்கு முடிக்கும்போது தேடுவீர்கள். அதிலும் மெயிலுக்குள் இருக்கும் லிங்க்கை விட, மேலே அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் ஜிமெயிலே காட்டும் அன்சப்ஸ்கிரைப் நல்லது. மற்ற எல்லாவற்றுக்கும் 'ரிப்போர்ட் ஸ்பேம்'. வெறுமனே டெலீட் செய்தால் ஜிமெயில் எதுவும் கற்றுக்கொள்ளாது.

புகாரா? விளம்பர அழைப்பு, எஸ்எம்எஸ் என்றால் 1909 என்ற புகார் எண் இருக்கிறது. மின்னஞ்சலுக்கு அப்படி ஒன்று கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஃபேஸ்புக் பதிவுக்கெல்லாம் ஆளைப் பிடித்த பிரிவு, போனது நல்லதே. ஆனால் தொல்லை மெயிலைத் தொட்ட வரியும் அதோடு போனது. பத்து வருஷம் தாண்டியும் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. ஸ்டேஷனுக்குப் போனால் 'பணம் போச்சா? போகலைல்ல?' என்று அனுப்பிவிடுவார்கள்.

உங்களுடையது வெறும் ஸ்பேம் இல்லை, பணம் கேட்டு மிரட்டல். அதற்குச் சட்டம் இருக்கிறது. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் (cybercrime.gov.in) தளத்தில் நீங்களே பதியலாம், கட்டணம் இல்லை. ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. அதே 'ஷோ ஒரிஜினல்' பக்கத்தில் 'டவுன்லோட் ஒரிஜினல்' செய்து அந்தக் கோப்பை வைத்துக்கொள்ளுங்கள். மிரட்டியவனுக்குப் பதில் போடாதீர்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் மட்டும், தளத்தைத் தேடாமல் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.

அந்தப் பழைய பாஸ்வேர்டை ஜிஎஸ்டிக்கோ வங்கிக்கோ இன்னும் வைத்திருக்கிறீர்களா? இதைப் படித்து முடித்த கையோடு மாற்றிவிடுங்கள்.