பின் சக்கரம் விலகி விழுந்தேன். விற்றவர் 'இறுக்காதது உங்கள் தவறு' என்கிறார்

கேள்வி: கோவையில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சென்ற ஆண்டு பெங்களூரு நிறுவனம் ஒன்றின் இணையதளத்தில் 82,000 ரூபாய்க்குக் கார்பன் ரோடு சைக்கிள் வாங்கினேன். ஃபிரேமில் அவர்கள் பிராண்ட் பெயர்தான் இருக்கிறது. பெட்டியில் 'மேட் இன் சைனா'. முதல் மாதத்திலிருந்தே மேட்டில் எழுந்து நின்று மிதித்தால் பின் டயர் இடப்பக்கக் குழாயில் உரசும். இரண்டு முறை மெயில் அனுப்பினேன். 'குயிக் ரிலீஸ் லீவரை நன்றாக இறுக்குங்கள்' என்று பதில் வந்தது. ஏழு மாதம் முன்பு மருதமலை ரோட்டில் மிதித்து ஏறும்போது பின் சக்கரம் ஒரு பக்கமாக விலகி ஃபிரேமில் சிக்கி, விழுந்தேன். மணிக்கட்டு எலும்பு முறிந்து பிளேட் வைத்தார்கள். 1,45,000 ரூபாய் செலவு. நிறுவனமோ, 'உங்கள் கவனக்குறைவு. சைக்கிளை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம். வழக்கு என்றால் பெங்களூரில்தான்' என்கிறது. விழுந்த அன்று பதற்றத்தில் 'நான்தான் சரியாக இறுக்கவில்லையோ என்னவோ' என்று அவர்களுக்கு வாட்ஸ்அப் போட்டுவிட்டேன். என் ரைடிங் குழுவில் இன்னொருவரின் அதே மாடல் சைக்கிளிலும் இதே உரசல் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில், சைக்கிளை அனுப்பாதீர்கள். உங்கள் வழக்கில் இருக்கும் பெரிய சாட்சி அதுதான். அனுப்பினால் திரும்பி வரும்போது டிராப்-அவுட் (ஃபிரேமில் சக்கர அச்சு உட்காரும் பள்ளம்) தேய்க்கப்பட்டிருக்கும், ஸ்க்யூவர் (அச்சுக்குள் போகும், குயிக் ரிலீஸ் லீவர் உள்ள கம்பி) மாறியிருக்கும். அல்லது சைக்கிளே வராது. 'பரிசோதிக்க வேண்டுமானால் கோவைக்கு ஆள் அனுப்புங்கள், என் முன்னிலையில், வீடியோ பதிவோடு பார்க்கட்டும்' என்று மெயிலில் பதில் சொல்லுங்கள். அதுவரை சக்கரம், ஸ்க்யூவர், அதன் சிறு ஸ்பிரிங்குகள் உட்பட எதையும் துடைக்கவோ மாற்றவோ வேண்டாம்.

அடுத்து, 'இறுக்கவில்லை' என்ற வாதம். எதிர்த்தரப்பு இதை மட்டும் நம்பித்தான் நிற்கிறது. நீங்கள் சொல்லும் அறிகுறி, இறுக்கத்தைத் தாண்டி வேறு காரணங்களையும் காட்டுகிறது. எழுந்து நின்று மிதிக்கும்போது செயின், சக்கர அச்சான ஆக்ஸிலின் வலது முனையை முன்னோக்கி இழுக்கும். அந்த முனை நகர்ந்தால் சக்கரம் கோணலாகி, டயர் இடப்பக்கக் குழாயில் உரசும். ஆக்ஸில் தன் பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்து பிடிப்பும் சரியாக இருந்தால் இது நடக்கக் கூடாது. மலிவான கார்பன் ஃபிரேம்களில் டிராப்-அவுட்டின் இரு முகங்களும் இணையாக இல்லாமல் போகலாம். பிடிக்கும் இடத்தில் பெயின்ட் தடிமனாக இருக்கலாம். லீவரின் கேம் (மூடும்போது இறுக்கத்தைத் தரும் பகுதி) வெளியே திறந்தபடி, பிளாஸ்டிக் வாஷரில் உராயும் ரகமாக இருக்கலாம். இன்னொன்றும் உண்டு, பலர் பார்ப்பதே இல்லை: ஆக்ஸில் முனை டிராப்-அவுட்டைவிட ஒரு நூல் வெளியே நீட்டியிருந்தால், ஸ்க்யூவர் ஃபிரேமைப் பிடிக்காமல் ஆக்ஸிலையே பிடித்து நிற்கும். லீவர் கைக்கு இறுக்கமாகத்தான் தெரியும். சக்கரம் மட்டும் பிடிபட்டிருக்காது. எத்தனை பலமாக மூடினாலும் பயனில்லை.

இவற்றில் எது உங்கள் சைக்கிளில் என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. மெக்கானிக்கல் இன்ஜினீயர் ஒருவர் அளந்து எழுதித்தர வேண்டும். உள்ளூர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் போதும். அவரிடம் உங்கள் சைக்கிளோடு நண்பருடைய சைக்கிளையும் காட்டுங்கள். உங்களுடையது விழுந்து அடிபட்டது என்று எதிர்த்தரப்பு சொல்லலாம். அடிபடாத நண்பர் சைக்கிளிலும் அதே கோளாறு இருந்தால் என்ன சொல்வார்கள்?

வாங்கியபோது இருந்த விளம்பரப் பக்கத்தையும் தேடி எடுங்கள். சைக்கிள் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ. 4210. அதன்படி இறுக்கிய சக்கரத்தின் ஆக்ஸிலை, கழலும் திசையில் 2,300 நியூட்டன் விசையில் இழுத்தாலும், அதாவது சுமார் 235 கிலோ எடைக்குச் சமமான இழுப்பிலும், அது நகரக் கூடாது. பின் சக்கரத்துக்கும் இது உண்டு. 'ஐ.எஸ்.ஓ. சோதனை செய்யப்பட்டது' என்று அவர்கள் பக்கத்தில் போட்டிருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 'குறைபாடு' என்பதில் வியாபாரி தானே உரிமை கொண்டாடிய தரம் இல்லாமல் போவதையும் சேர்க்கிறது.

யார் மீது வழக்கு? 'தயாரித்தது சீனாக்காரன், நாங்கள் விற்றோம், அவ்வளவுதான்' என்று அவர்கள் நழுவப் பார்ப்பார்கள். பிறர் செய்த பொருளில் தன் முத்திரையைப் போடுபவரையும் சட்டத்தின் 2(36) பிரிவு தயாரிப்பாளர் என்றே சொல்கிறது. ஃபிரேமில் இருப்பது அவர்கள் பெயர், அதனால் 84-ஆம் பிரிவு அவர்களைத் தொடும்: தயாரிப்புக் கோளாறு, வடிவமைப்புக் கோளாறு, சரியாகப் பயன்படுத்தப் போதிய விளக்கம் தராதது எல்லாம் அதில் வரும். பெட்டியில் லீவரை மூடும் முறை பற்றி என்ன தாள் இருந்தது? இருந்ததைப் பத்திரப்படுத்துங்கள், ஒன்றுமே இல்லையென்றால் அதையும் மனுவில் சொல்லுங்கள்.

ஒருவேளை நுகர்வோர் ஆணையம் அவர்களை வெறும் விற்பனையாளராக வைத்தாலும் 86-ஆம் பிரிவு இருக்கிறது. தயாரிப்பாளர் யாரென்று தெரியாவிட்டாலோ, அவருக்கு நோட்டீஸ் சேர்க்க முடியாவிட்டாலோ, அவர் மீது இந்தியாவில் உத்தரவை நிறைவேற்ற முடியாவிட்டாலோ, விற்றவரே பொறுப்பு. அசெம்பிள் செய்வதிலும் சோதித்துப் பார்ப்பதிலும் கவனமில்லை என்றாலும் அவரே பொறுப்பு. இந்தப் பிரிவு எனக்குப் பிடித்த பிரிவு. இறக்குமதி மாலுக்கு முகவரி தேடி அலைந்த பழைய காலம் இதனால் மாறியது.

அவர்கள் கையில் எடுக்கப்போவது 87-ஆம் பிரிவு: விபத்து நடந்த நேரத்தில் பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தால், மாற்றப்பட்டிருந்தால், வழக்கு நிற்காது. ஆனால் படித்துப் பார்த்தால் அந்தக் கவசம் விற்பனையாளருக்குத்தான் தரப்பட்டிருக்கிறது. தயாரிப்பாளர் என்று நாம் நிறுவிவிட்டால் அதை அப்படியே போர்த்திக்கொள்ள முடியாது. அதற்காக இறுக்கம் பற்றிய கேள்வியே எழாது என்று நினைத்துவிடாதீர்கள். காரணம் எது என்பதை எப்படியும் நிரூபிக்க வேண்டும். வாங்கிய பிறகு ஸ்க்யூவரையோ வீலையோ மாற்றியிருந்தால் உங்கள் வக்கீலிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் அந்த வாட்ஸ்அப். போட்டது போட்டதுதான், அழிக்காதீர்கள். அவர்கள் போனிலும் இருக்கிறது, அழித்தால் மறைக்கிறீர்கள் என்றாகும். 'இறுக்கவில்லையோ என்னவோ' என்பது ஒப்புதல் இல்லை, சந்தேகம். அதற்கு மருந்து உங்கள் பழைய மெயில்கள். விபத்துக்கு முன்பே உரசலைச் சொல்லியிருக்கிறீர்கள், 'இறுக்குங்கள்' என்ற அவர்கள் பதிலும் இருக்கிறது. குறையை அறிந்த பிறகும் சும்மா இருந்தது அவர்கள்தான். மெயில், சாட், ஹெல்மெட் கேமரா பதிவு இருந்தால் அது, எல்லாவற்றுக்கும் பாரதிய சாக்‌ஷிய அதிநியம் 2023-இன் 63-ஆம் பிரிவு கேட்கும் மின்னணுச் சாட்சியச் சான்றிதழோடு தாக்கல் செய்யுங்கள்.

பெங்களூருக்குப் போக வேண்டியதில்லை. 34-ஆம் பிரிவின்படி நீங்கள் வசிக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ வழக்குப் போடலாம்; கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். பில்லின் பின்னால் அச்சடித்திருக்கும் 'பெங்களூரு நீதிமன்றத்துக்கு மட்டும்' என்ற வரி இந்த உரிமையைப் பறிக்காது. கட்டிய விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். காலக்கெடு, காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு. ஏழு மாதம் போய்விட்டது, மீதி இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள்.

கேட்கும் தொகையில் ஒரு நுணுக்கம். பொருளுக்கே நேர்ந்த சேதத்தை 'தீங்கு' என்ற சொல்லில் இந்தச் சட்டம் சேர்ப்பதில்லை. அதனால் 82,000 ரூபாயை, குறைபாடுள்ள பொருளின் விலையைத் திருப்பித் தரச் சொல்லித் தனியாகக் கேளுங்கள். மருத்துவச் செலவு, சம்பள இழப்பு, வேதனை ஆகியவற்றைப் பொருள் பொறுப்பின் கீழ், அதாவது குறையுள்ள பொருளால் நேர்ந்த தீங்குக்கான இழப்பீடாக, கேளுங்கள். இரண்டும் ஒரே மனுவில் வரலாம். மெடிக்ளெய்மில் ஏதாவது கிடைத்திருந்தால் மறைக்க வேண்டாம். சிலர் மன உளைச்சலுக்கு 25 லட்சம் என்று எழுதுவார்கள். படிக்கும் ஆணைய உறுப்பினர் முதலில் புன்னகைப்பார், பிறகு மற்றதையும் சந்தேகத்தோடு படிப்பார். ரசீது உள்ளதைக் கேளுங்கள், அதன் மேல் நியாயமான ஒரு தொகை.

கோளாறு சோதனையில்லாமல் தெரியாது என்றால், ஆணையமே பொருளைச் சீல் வைத்து அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்பச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதற்கான கட்டணத்தை முதலில் உங்களைக் கட்டச் சொல்வார்கள். லூதியானாவில் சைக்கிளுக்கும் தையல் இயந்திரத்துக்குமான ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஆணையம் எங்கே அனுப்பலாம் என்று கேட்டால் அதைச் சொல்லிப் பார்க்கலாம். சோதனை தேவைப்படும் வழக்கை 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட நீளும் என்று மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

நண்பர் இப்போதே அந்தச் சைக்கிளை ஓட்டுவதை நிறுத்த வேண்டும். அவரும் நிறுவனத்துக்கு மெயில் போடட்டும். ஒரே மாடலில் இரண்டு பேர் என்றால் இது உங்கள் சொந்தப் பிரச்சினை மட்டும் இல்லை. ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறச் சொல்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு 20-ஆம் பிரிவில் அதிகாரம் இருக்கிறது. அங்கே தனிப் புகார் அனுப்பலாம். சக்கரப் பிடிப்புக்காகத் திரும்பப் பெறுவது புதிதும் இல்லை. 2015-இல் ட்ரெக் நிறுவனம் முன் சக்கர குயிக் ரிலீஸ் லீவர் பிரேக் டிஸ்க்கில் சிக்கக்கூடும் என்று அமெரிக்காவில் மட்டும் சுமார் 9 லட்சம் சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது. லீவரைச் சரியாக மூடாதபோது வரும் ஆபத்துதான் அது. ஆனாலும், 'நீங்கள் இறுக்கவில்லை' என்று சொல்லி முடித்துக்கொள்ள அந்த நிறுவனத்தால் முடியவில்லை.

இன்ஜினீயர் அறிக்கை கையில் வந்ததும் பதிவுத் தபாலிலும் மெயிலிலும் 15 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்புங்கள். விலையைத் திருப்பித் தருகிறோம், 'முழுத் தீர்வு' என்று கையெழுத்துப் போடுங்கள் என்று ஒரு தாள் வந்தால், மருத்துவச் செலவு அதில் இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.