64 அங்குல வண்டி, திறந்த கேட்

கோடையில் கேட் திறந்திருந்தும், உங்கள் 64 அங்குல அகலமுள்ள சைடு-பை-சைடை (இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் காட்டுப்பாதை வண்டி) திருப்பி அனுப்பிவிட்டார்கள், இது சரியா என்று கேட்டிருந்தீர்கள். சரிதான். அமெரிக்கத் தேசியக் காடுகளில் கேட்டை நம்பாதீர்கள். வனத்துறை இலவசமாகத் தரும் மோட்டார் வாகனப் பயன்பாட்டு வரைபடம்தான் கணக்கு. 2005 விதிப்படி, அதில் குறிக்காத பாதையில் வண்டி ஓட்டக்கூடாது. பாதை எண்ணைப் பிடித்து, அட்டவணையில் வாகன வகையையும் திறந்திருக்கும் தேதிகளையும் பாருங்கள். ‘50 அங்குலம் அல்லது குறைவு’ என்றிருந்தால் உங்கள் வண்டிக்கு இடமில்லை. சக்கரங்களை வெளியே தள்ளிவைக்கும் வீல் ஸ்பேசர் மாட்டியிருந்தால் கம்பெனி சொல்லும் அகலம் செல்லாது, நீங்களே அளந்துவிடுங்கள்.

சைலன்சரை மாற்றியிருக்கிறீர்களா? அதில் தீப்பொறித் தடுப்பான் இல்லையென்றால் அகலம் சரியாக இருந்தாலும் அபராதம் விழலாம். காட்டுத்தீ அபாயத்தால் திடீரென மூடும் பாதைகள் வரைபடத்தில் வராது. கிளம்புமுன் ரேஞ்சர் அலுவலகத்துக்குப் போன் போடுங்கள்.