சரளை ஆற்றுக்குள் சேறு புகுந்தால்: கேட்டவர்களுக்குப் பதில்

வந்தாறுமூலை மாணவி: சேர், கூழாங்கற்களுக்கு நடுவில் அவ்வளவு இடைவெளி இருக்கிறதே. கொஞ்சம் சேறு விழுந்தால் தண்ணீருக்கு என்ன தடை?

மகள், ஆற்றுத் தண்ணீர் முழுவதும் மேலே ஓடுவதில்லை. ஒரு பங்கு கற்களுக்குள் இறங்கி, அடியால் கொஞ்சத் தூரம் போய், மறுபடி மேலே வரும். அந்த அடிவழிக்கு இடைவெளி மொத்தம் எவ்வளவு என்பதைவிட, ஒவ்வொரு இடுக்கும் எவ்வளவு அகலம் என்பதுதான் முக்கியம். கல்லோ மணலோ, மணியின் பருமன் பத்தில் ஒன்றாகச் சிறுத்தால் இடுக்கும் சிறுத்து, தண்ணீர் புகுவது ஏறக்குறைய நூறில் ஒன்றாகிவிடும். 2 மில்லிமீற்றருக்கு மேல் சரளை, 0.063க்குக் கீழ் வண்டலும் களியும், நடுவில் மணல். வித்தியாசத்தைப் பாருங்கள்.

வீட்டில் செய்து பார்க்கலாம். சோடாப் போத்தலின் அடியை வெட்டிக் கவிழ்த்து, வாயில் நுளம்புவலைத் துண்டு கட்டி, கடலைப் பருமன் சரளை நிரப்புங்கள். சேற்றுத் தண்ணீர் ஊற்றினால் கலங்கலாகவே கீழே வந்துவிடும். இப்போது பருமனும் சிறிதும் கலந்த ஆற்றுமணலை ஒரு பிடி தூவிவிட்டு, அதே சேற்றுத் தண்ணீரைத் திரும்பத் திரும்ப ஊற்றுங்கள். பருமணல் கல்லிடுக்கில் சிக்கும், சிறுமணல் பருமணலில் சிக்கும், அப்புறம் சேறு. கீழே கற்கள் சுத்தமாகவே கிடக்கும். ஆனாலும் மேலே ஒரு விரல் தடிப்பு அடைத்ததற்கே தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். ஆற்றிலும் அதே கதைதான்.

உன்னிச்சை விவசாயி: மாரி வெள்ளம் கழுவிக்கொண்டு போகாதா?

மேலே படிந்ததைக் கழுவும். உள்ளே புகுந்ததை எடுக்க, கற்களே புரள வேண்டும். சின்ன வெள்ளத்துக்கு அந்தப் பலம் இல்லை. வெள்ளம் வடியும்போது மந்தமாகும் தண்ணீர் புதுச் சேற்றையும் படியவிட்டுப் போகும். மேலே அணை கட்டிப் பெருவெள்ளம் அடங்கிய ஆறுகளில் இந்த அடைப்பு நீண்டகாலம் நிற்கும்.

அக்கரைப்பற்று வாசகர்: அப்படியென்றால் மேலே ஓடும் தண்ணீரும் மெதுவாகுமா?

இல்லை, மறுதலையாக நடக்கும். மேடுபள்ளம் நிரம்பிப் படுக்கை வழுவழுப்பானால் தண்ணீர் விரைந்தோடும். மணல் கூடினால் கற்களும் இலகுவாக உருளும்.

அதே வாசகர்: மீனுக்கு?

குளிர்நாட்டு சால்மன் சரளைக்குள் முட்டை இடுகிறது. இடுக்கு அடைபட்டால் முட்டைக்கு ஒட்சிசன் போகாது.

செங்கலடி அக்கா ஒருவர்: நம் பக்கத்து ஆற்றில் சரளை ஏது தம்பி? மணல்தானே. வெள்ளத்துக்குப் பிறகு பூவல், அதுதான் ஆற்றுமணலில் தோண்டும் ஊற்றுக்குழி, கிண்டினால் முன்போல ஊறுவதில்லை.

உண்மைதான் அக்கா, கடற்கரையை நெருங்கும்போது நம் ஆறுகள் மணலாறுகள். அடைபடும் விதம் மட்டும் ஒன்றே. வெயிலில் வெடித்து அப்பளம்போலச் சுருண்டு கிடக்கிறதே, அந்தச் சேற்றுப் படைதான் காரணம். மண்வெட்டியை நேரே இறக்கினால் அது குழிக்குள் விழுந்து கரைந்து, ஊற்றுக்கண்ணையே பூசி மெழுகிவிடும். எங்கள் அம்மம்மா முதலில் பாய் விரிக்கும் அளவுக்குச் சேற்றைச் சுரண்டித் தூர எறிவார். வெள்ளைமணல் தெரிந்த பிறகுதான் கிண்டுவார். முதலில் ஊறும் கலங்கலை இறைத்து வெளியே ஊற்றுவார், தெளியும்வரை.