கேள்வி – பதில்: பழைய ராணுவ பிளாஸ்டிக் மேகசின்

கேள்வி: ராணுவம் கழித்துவிட்ட பிளாஸ்டிக் ரைஃபிள் மேகசின்கள் (துப்பாக்கியில் மாட்டும் தோட்டாப் பெட்டிகள்) மலிவாகக் கிடைக்கின்றன. நம்பி வாங்கலாமா?

பதில்: பயிற்சிக்கு வாங்கலாம், ஒவ்வொன்றையும் சோதித்த பிறகு. பலரும் உள்ளிருந்து தோட்டாவை மேலே தள்ளும் ஸ்பிரிங்கைத்தான் சந்தேகப்படுவார்கள். ஆனால் அதை மாற்றுவது எளிது. பழுது பெரும்பாலும் தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் மேல் விளிம்புகளில்தான் வரும். தோட்டா நிரப்பியே ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால், ஓயாத அழுத்தத்தில் பிளாஸ்டிக் மெல்ல விரியும். இடைவெளி கூடியதும் தோட்டா மூக்கைத் தூக்கும், அல்லது ஒரே நேரத்தில் இரண்டு வெளியே வரும். ஏகே-47 குடும்பத்து ரைஃபிள்களின் செம்பழுப்பு மேகசின்களில் விளிம்புக்குள் எஃகு பதித்திருப்பார்கள். அவை இந்த விஷயத்தில் தேவலை.

முதலில் காலி மேகசினின் விளிம்பு இடைவெளியை வெர்னியர் காலிப்பரால் முன்னும் பின்னும் அளந்து, அதே மாடல் புதியதோடு ஒப்பிடுங்கள். விளிம்பு உடலோடு சேரும் மூலையில் டார்ச் அடித்துப் பாருங்கள். மயிரிழை விரிசல் இருந்தால் குப்பைதான், பசை ஒட்டிப் பயனில்லை. பிறகு தோட்டாவைத் தாங்கும் தட்டை விரலால் அடிவரை அழுத்தி விடுங்கள். சாய்ந்தோ சிக்கியோ நின்றால் கழற்றித் துடைத்து ஸ்பிரிங் மாற்றுங்கள். எண்ணெய் வேண்டாம், தூசி ஒட்டும். கழுவ சோப்புத் தண்ணீர் போதும், தின்னர் கூடாது.

அடுத்து முழுக்க நிரப்பி, போல்ட் (தோட்டாவை அறைக்குள் தள்ளி மூடும் பாகம்) மூடிய நிலையில் துப்பாக்கியில் மாட்டிப் பாருங்கள். பூட்டிக்கொள்ள அடம்பிடித்தால் 30 தோட்டா பிடிக்கும் மேகசினில் 28 போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பெயின்டில் எண் எழுதிவிட்டால், சுடுதளத்தில் தோட்டா சிக்கித் தகராறு செய்வது எது என்று தெரிந்துவிடும். இரண்டு தடவை தகராறு செய்ததைத் தூக்கிப் போடுங்கள்.