அத்தைகள் கையெழுத்து இல்லாமல் ஓட்டில் கை வைக்காதீர்கள்

கேள்வி: செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கம் எங்கள் பாட்டையா கட்டிய, நடு முற்றத்தைச் சுற்றிய வளவு வீடு. ஐயா (அப்பாவின் அப்பா) 1974இல் காலமானார். பேரன்மார் ஆறு பேர் பங்காளிகள். இரண்டாம் கட்டு ஒழுகுகிறது, சுண்ணாம்புப் பூச்சு உதிர்கிறது. சிங்கப்பூரில் சம்பாதித்ததைப் போட்டு நான் புதுப்பிக்க, மற்ற ஐவரும் 100 ரூபாய் பத்திரத்தில் சம்மதம் எழுதித் தந்துவிட்டார்கள். ஆனால் பெரியப்பா மகன் முன்பே முகப்புக் கதவைக் கழற்றிப் பழம்பொருள் கடைக்கு விற்றுவிட்டார். நெஞ்சு ஆறவில்லை, வழக்குப் போடலாமா? யுனெஸ்கோ பட்டியலில் இருப்பதால் வேலைக்குத் தடை வருமா? தை மாதம் தொடங்க உத்தேசம். அத்தைகள் இருவருக்கும் அந்தக் காலத்திலேயே சீர் செய்தாகிவிட்டது. ஒருவர் 2011இல் தவறிவிட்டார்.

பதில்: கடைசி வரியில் போகிறபோக்கில் சொன்னீர்களே, அந்த அத்தைகள்தான் உங்கள் வழக்கு.

கதவை முதலில் முடித்துவிடுகிறேன். விற்றவரும் ஒரு பங்குதாரர். போலீஸ் ‘சிவில் விவகாரம்’ என்று எழுதி மூடிவிடும். நூறாண்டு தாண்டிய கதவு என்றால், கட்டடத்திலிருந்து கழற்றியதும் அது 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. பாகம் பிரியும் நாளில் அதன் விலையை அவர் பங்கில் கழிக்கக் கேளுங்கள். அதற்குமேல் கதவுக்காகக் காசு செலவழிக்காதீர்கள். யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் 2014இல் ஏறியவை செட்டிநாட்டு ஊர்கள். அந்தப் பட்டியலால் உங்கள் வீட்டுக்குத் தடையும் இல்லை, காவலும் இல்லை.

இனி அத்தைகள். பூர்வீகச் சொத்தில் மகனுக்கு நிகரான பங்கு மகளுக்கும் உண்டு என்பது இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம். அந்த ஆண்டு செப்டம்பர் 9 அன்று மகள் உயிரோடு இருந்தால் போதும், தகப்பனார் அதற்கு முன்பே இறந்திருந்தாலும் பங்கு உண்டு என்று 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் அத்தைகள் இருவரும் அன்று இருந்தார்கள். தவறியவருடைய பங்கு அவர் வாரிசுகளுக்குப் போய்விட்டது. சீர்சாமான் பட்டியல், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் ஆகாது. ‘ஆளுக்கொரு இரட்டை வீட்டை (ஜோடி அறையை) பூட்டி வைத்திருக்கிறோமே, அதுதான் பாகப்பிரிவினை’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பத்திரமோ கோர்ட் டிக்ரியோ உண்டா என்றுதான் நீதிபதி கேட்பார். குடியிருக்கும் வீட்டை ஆண்கள் பிரிக்காதவரை பெண்கள் பாகம் கேட்க முடியாது என்றிருந்த 23ஆம் பிரிவையும் அதே திருத்தம் நீக்கிவிட்டது.

என்னிடம் வழக்குக்கு வந்த கட்சிக்காரர் ஒருவர் இதே நம்பிக்கையில் ஓட்டைப் பிரித்தார். தேக்கு உத்திரங்கள் வெறுமையாக வெயிலில் நின்ற வாரத்தில், அத்தை மகள் பாகப்பிரிவினை வழக்கோடு இடைக்காலத் தடையும் வாங்கினார். தார்ப்பாய்க்கு அடியில் இரண்டு ஐப்பசி போயிற்று. கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துக் கண்ணாடியாய்த் தேய்த்த சுவர் அப்பளமாக உப்பி, தொட்டால் கையோடு வந்தது. முதலில் அந்த அம்மா கேட்டதைப் போல மூன்று மடங்கு கொடுத்துத்தான் தடை நீங்கியது.

தடையே வராவிட்டாலும் பணம் பத்திரமில்லை. கூட்டுச் சொத்தில் தானாகச் செலவழித்தவருக்கு மற்றவர்கள் திருப்பித் தந்தே ஆக வேண்டும் என்றில்லை. ஒரே வளவைச் சுற்றிய வீட்டை வெட்டிப் பங்கிடவும் வழியில்லை. பாதிக்குக் குறையாத பங்கு உள்ளவர்கள் கேட்டால், 1893 பாகப்பிரிவினைச் சட்டப்படி விற்றுப் பணமாகப் பிரிக்க கோர்ட் உத்தரவிடலாம். இன்று சிரித்துக்கொண்டு கையெழுத்திட்ட ஐவரே நாளை அதைக் கேட்பார்கள். அப்போது மதிப்பீட்டு விலைக்கு நீங்களே வாங்கலாம். அதாவது, உங்கள் பணத்தால் ஏறிய விலைக்கு.

ஆகவே சமாதானமாகப் போங்கள். வீடு ஒழுகும்போது பங்கின் விலை குறைவு. அத்தையையும் தவறியவர் வாரிசுகள் அத்தனை பேரையும் நேரில் போய்ப் பார்த்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் பதிவு செய்யுங்கள். ‘நாங்கள் செய்த சீருக்கு’ என்று பேச்சைத் தொடங்காதீர்கள். பாதி வழக்குகள் அந்த வாக்கியத்தில் பிறந்தவை. ஐவரின் 100 ரூபாய்த் தாளும் போதாது. செலவை யார் எந்த விகிதத்தில் ஏற்பது, விற்றால் உங்கள் முதலீடு முதலில் திரும்புமா என்பதை எழுதிப் பதிவு செய்ய வேண்டும். உங்களுக்காக இன்னொருவர் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரத்தை (பவர்) சிங்கப்பூரிலிருந்து அனுப்புவதாக இருந்தால், அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். நேரில் வருவது மேல்.

தை போனால் போகட்டும். இப்போதைக்கு ஒழுகும் இடத்தை மட்டும் அடையுங்கள். அதற்கும் முன்னதாக எல்லாப் பங்குதாரருக்கும், அத்தை வீட்டாருக்கும் சேர்த்து, பதிவுத் தபால் அனுப்பி, போட்டோ எடுத்து, பில்லை வைத்துக்கொள்ளுங்கள்.