நெஸ்டர் பேச்சை வெட்டலாமா?

கேள்வி: எங்கள் வாசிப்பு வட்டத்தில் டிராய் போரைப் பாடும் ஹோமரின் கிரேக்கக் காவியமான 'இலியட்'டை வாய்விட்டு வாசித்து வருகிறோம். முதல் காண்டத்தில் கிழவர் நெஸ்டர் பேச ஆரம்பித்ததுமே பாதிப் பேர் கைபேசியை எடுத்துவிட்டார்கள். அடுத்து வரும் 11-ஆம் காண்டத்தில் அவர் பேச்சு இன்னும் நீளம். விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். கொஞ்சம் நறுக்கலாம்.

பைலோஸ் அரசர் நெஸ்டர் இரண்டு தலைமுறை மறைந்ததைப் பார்த்து, மூன்றாம் தலைமுறையை ஆள்பவர். 'அந்தக் காலத்தில் நாங்களெல்லாம்' என்று அவர் தொடங்கினால் அறுவையாகத்தான் தெரியும். ஆனால் 11-ஆம் காண்டத்துக் கதை யாருக்குச் சொல்லப்படுகிறது என்று பாருங்கள். அடிபட்டு வந்தது யார் என்று பார்த்துவர கோபித்துப் போரிலிருந்து ஒதுங்கியிருக்கும் மாவீரன் அக்கிலீஸ் அனுப்பிய அவன் நண்பன் பாட்ரோக்ளஸ், 'உட்கார நேரமில்லை, பெரியவரே' என்று வாசலிலேயே நிற்கிறான். அவனை நிற்கவைத்து ஏறத்தாழ 150 வரிகள் பேசுகிறார் மனிதர்!

சிறுவயதில் எலிஸ் நாட்டு மந்தைகளை ஓட்டிவந்த கதை அது. 50 மாட்டு மந்தை, 150 குதிரை என்று நீளும் கணக்கைத் தாராளமாக வெட்டுங்கள். பிறகு வரும் சண்டையில் கைவைக்காதீர்கள். 'சின்னப் பையன்' என்று அப்பா குதிரைகளை ஒளித்துவைத்தும், தன் நாட்டு மக்களுக்காக நடந்தே போய்ப் போரிட்டதாகச் சொல்கிறார். அடுத்த மூச்சிலேயே, அக்கிலீஸின் வீரமோ அவன் ஒருவனுக்கே என்று குத்துகிறார். கதை முழுவதும் அந்தக் குத்துக்காகத்தான். கடைசியில், அக்கிலீஸ் போருக்கு வராவிட்டால் அவன் கவசத்தை அணிந்து நீயாவது வா என்கிறார்.

முதல் காண்டத்தில் சண்டையிட்டுக்கொண்ட படைத்தலைவன் அகமெம்னானும் அக்கிலீஸும் காதில் போட்டுக்கொள்ளாத கிழவரின் சொல், இங்கேதான் பலிக்கிறது. 16-ஆம் காண்டத்தில் அந்தக் கவசத்தோடு போன பாட்ரோக்ளஸ் திரும்பி வரவில்லை. நெஸ்டரை வெறும் ஞானியாக என்னால் வாசிக்க முடியாததற்கு இதுவே காரணம்.

வாசிப்பவர் நடுங்கும் கிழக்குரல் போட வேண்டாம். அவர் நாவிலிருந்து தேனினும் இனிதாகச் சொல் வழியும் என்கிறார் ஹோமர். உங்களில் நல்ல குரல் யாருக்கோ அவரிடம் கொடுங்கள், வயது பார்க்காமல்.

இன்னொன்று: நெஸ்டரின் பேச்சிலிருந்து தொடங்காமல், சற்று முன்னாலிருந்து தொடங்குங்கள். அக்கிலீஸ் கூப்பிட்டதும் பாட்ரோக்ளஸ் குடிலைவிட்டு வெளியே வருகிறான். அதுவே அவன் அழிவுக்குத் தொடக்கம் என்று ஹோமர் அங்கேயே சொல்லிவிடுகிறார். அதைக் கேட்டபின் கிழவர் எவ்வளவு இழுத்தாலும், பையன் எப்போது கிளம்புவான் என்ற பதைப்போடுதான் உங்கள் நண்பர்கள் உட்கார்ந்திருப்பார்கள்.